கொட்டாயில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு

(பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில், பொங்கலுக்கு ஊர் திரும்பியவர்களும் பெரியவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும், பொங்கலுக்காகப் பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

இன்றைக்கு நான் முக்கியமாகப் பேச வந்தது பிள்ளைகளிடம். நாளையோ மறுநாளோ பஸ் ஏறிவிடுவீர்கள். அதற்கு முன்னால் அரை நாள் கேட்கிறேன். அப்பா அம்மா இருக்கும் வீட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, சில வேலைகளை முடித்துவிட்டுப் போங்கள். மாதாமாதம் பணம் அனுப்புகிறீர்கள், தினமும் போன் செய்கிறீர்கள், எல்லாம் சரி. ஆனால் அம்மா வழுக்கி விழும் இடம் பாத்ரூம் வாசல். அங்கே அந்தப் பணமும் போனும் கை கொடுத்துத் தூக்காது.

இயன்முறை மருத்துவராக இந்தப் பக்கம் வீடு வீடாகப் போகிறவன் நான். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிறையப் பேர் ஊருக்குள் இல்லாமல் காட்டுக்குள், அதாவது விளைநிலத்துக்கு நடுவே, கொட்டாய் என்று சொல்லும் தனி வீடு கட்டி இருக்கிறோம். சுற்றிலும் ராகி, மா, தக்காளி. அடுத்த வீடு கூப்பிடு தூரம். அது 40 வயதுக் குரலுக்குக் கூப்பிடு தூரம். 75 வயதில், தரையில் விழுந்து கிடக்கும்போது, அந்தக் குரல் வாசலைத் தாண்டாது.

நம் மண்ணுக்கே உரிய இன்னொரு சங்கடமும் உண்டு. பென்னாகரம், பாலக்கோடு பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது போகக் கூடாது. அதைத் தாண்டிய தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால், சின்ன வயதில் பல்லில் காவி படியும். பின்னாளில் முதுகெலும்பும் கழுத்தும் மூட்டும் விறைத்துப்போகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல்தான் வந்தது. இன்றைக்கு 70 வயதைத் தாண்டியவர்கள் அதுவரை கிணற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் குடித்தே வாழ்ந்தவர்கள். கழுத்து திரும்பாதவர் பின்னால் வரும் வண்டியைப் பார்க்க முழு உடம்போடு திரும்ப வேண்டும். குனிய முடியாதவருக்குக் காலடியில் கிடக்கும் கயிறு தெரியாது. "அப்பா கவனமே இல்லாமல் நடக்கிறார்" என்று திட்டுகிறீர்களே, அவருக்குக் கவனம் நிறைய இருக்கிறது, கழுத்துதான் வளையவில்லை. தண்ணீரைக் காய்ச்சினால் ஃபுளோரைடு போய்விடும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரையே பிடித்து வைக்க ஏற்பாடு செய்யுங்கள். குழாய் தூரம் என்றால், குடம் தூக்கும் வேலையை யாரிடமாவது கூலி பேசி ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

வீட்டுக்குள் வருவோம். பிள்ளைகள் சம்பாதித்து வீடு கட்டியதும் பளபளவென்று டைல்ஸ் போடுகிறார்கள், பாத்ரூமுக்கும் சேர்த்து. சிமென்ட் தரையில் நடந்து பழகிய கால் அதில் நிற்காது. பாத்ரூமில் மட்டுமாவது சொரசொரப்பான டைல்ஸுக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் வழுக்காத ரப்பர் விரிப்பு போடுங்கள். கழிவறைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கைப்பிடி கட்டாயம் வேண்டும். துண்டு போடும் கம்பி கைப்பிடி ஆகாது. மொத்த எடையும் தொங்கினாலும் கழன்று வராதபடி ஸ்டீல் பைப்பைச் சுவரில் இறுக்க வேண்டும். எந்த உயரத்தில் என்பதை நீங்களும் கொத்தனாரும் முடிவு செய்யாதீர்கள். அம்மாவை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். கை தானாக எங்கே போகிறதோ, அங்கே சாக்பீஸால் கோடு போடுங்கள்.

கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். ஆள் இருப்பதற்கு அடையாளமாக வெளியே ஒரு துண்டு தொங்கினால் போதும். உள்ளே விழுந்தவரைத் தூக்கக் கதவை உடைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கதவு வெளிப்பக்கமாகத் திறந்தால் இன்னும் நல்லது. உள்பக்கம் திறக்கும் கதவை, விழுந்தவர் உடம்பே அடைத்துக்கொள்ளும்.

ராத்திரிதான் ஆபத்து அதிகம். பல கொட்டாய்களில் கழிவறை வெளியே இருக்கிறது. படுத்த இடத்திலிருந்தே எட்டும்படி ஒரு சுவிட்ச், கழிவறை வரைக்கும் வெளிச்சம், தலைமாட்டில் டார்ச், கட்டிலை ஒட்டிச் செருப்பு. பாம்பும் தேளும் உள்ள காடு இது, வெறுங்காலோடு இறங்கக் கூடாது. பெரியவர்களே, விழித்ததும் விறுக்கென்று எழாதீர்கள். கட்டில் விளிம்பில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து காலை ஆட்டிவிட்டு எழுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சட்டென்று எழும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் காலையிலேயே போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். ராத்திரி எழும் தடவை குறைந்தால், விழும் வாய்ப்பும் குறையும்.

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம்.

காரிமங்கலம் பக்கம் ஒரு கொட்டாயில் 78 வயது அம்மா. ஒரு பசு வைத்திருந்தார். ஒரு நாள் மாட்டுக் கயிறு காலில் சுற்றி விழுந்தார். எலும்பு முறியவில்லை, சிராய்ப்புதான். வெளியூரிலிருந்து மகன் பதறி ஓடி வந்தார், மாட்டை விற்றார், சமைக்கவும் ஆள் வைத்தார். எல்லாம் பாசத்தில் செய்ததுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சில மாதம் கழித்து நான் போனபோது அந்த அம்மாவால் கை ஊன்றாமல் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. தீவனம் அறுக்க, தண்ணீர் காட்ட, சாணி அள்ள என்று நாள் முழுக்க எழுந்து நடந்த கால்கள் அவை. வேலை இல்லாத தசை வயதான உடம்பில் வேகமாகக் கரைகிறது. தொடையில் வலு போனால் தடுமாற்றம் வரும், தடுமாற்றம் வந்தால் விழுவார்கள். விழக்கூடாது என்று செய்ததே விழுவதற்கு வழி செய்துவிட்டது. அதோடு, "இனிமேல் எனக்கு என்ன இருக்கு" என்று அந்த அம்மா கேட்டார். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

மாட்டை விற்றிருக்க வேண்டாம். முளைக்குச்சியை நடைபாதையிலிருந்து தள்ளி அடித்து, கயிற்றைக் குட்டையாக்கி, சாணியும் மூத்திரமும் தேங்கும் இடத்தை மேடாக்கி, தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஹோஸ் பைப் இழுத்திருந்தால் போதும். ஆபத்தை எடுங்கள், வேலையை எடுக்காதீர்கள். எதைச் செய்வதானாலும் அவர்களைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இத்தனை காலம் குடும்பம் நடத்தியவர்களுக்குத் தங்கள் வீட்டில் நாற்காலி எங்கே இருக்க வேண்டும் என்று தெரியும். "எங்களோடு பெங்களூர் வந்துவிடு" என்று கூப்பிடுவது நல்ல மனசுதான். வர விருப்பம் இருந்தால் அழைத்துப் போங்கள். விருப்பமில்லை என்றால், அதைப் பிடிவாதம் என்று சொல்லாதீர்கள்.

மாடு இல்லாதவர்கள் காலுக்கு வலு சேர்க்க ஒன்று செய்யலாம். சுவரோடு ஒட்டிப் போட்ட உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, காலையில் 10 முறை, மாலையில் 10 முறை. முதலில் கை ஊன்றி எழுங்கள், பழகியதும் ஊன்றாமல். அப்புறம் சாப்பாடு. நம் களியில் சுண்ணாம்புச் சத்து நன்றாகவே இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல். ஆனால் தசைக்குப் புரதம் வேண்டும். களியோடு கொள்ளு, அவரை, முட்டை ஏதாவது ஒன்று சேரட்டும்.

இத்தனைக்குப் பிறகும் விழுந்துவிட்டால்? உடனே எழப் பார்க்காதீர்கள். மூச்சு விட்டுக்கொண்டு, எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். கடும் வலி இல்லை என்றால் ஒருக்களித்துப் புரண்டு, முழங்கையும் முட்டியும் ஊன்றித் தவழ்ந்து கட்டில் வரைக்கும் போய், கட்டிலைப் பிடித்து ஒரு காலை முன்னால் வைத்து எழுங்கள். இடுப்புப் பக்கம் வலித்து, ஒரு கால் குட்டையாகவும் பாதம் வெளிப்பக்கம் சாய்ந்தும் இருந்தால், இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். அப்போது நிற்க வைக்கவோ எண்ணெய் போட்டு உருவவோ வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். அதற்குப் போன் கையில் இருக்க வேண்டும். மேசை மேல் வைத்த போனால் தரையில் கிடப்பவருக்கு என்ன பயன்? நம் பாட்டிகள் இடுப்பில் செருகும் சுருக்குப் பையிலேயே பட்டன் போனை வைத்துக்கொள்ளலாம். அதில் முதல் நம்பர் பெங்களூர் மகனுடையது வேண்டாம், பக்கத்துக் கொட்டாய்க்காரருடையது இருக்கட்டும்.

பக்கத்துக் கொட்டாய்க்காரர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். காலையில் அந்த வீட்டில் வாசல் தெளித்திருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். பால் சொசைட்டியில் இருப்பவர்களும், தினமும் பால் ஊற்றும் பெரியவர் ஒரு வேளை வரவில்லை என்றால் உடனே ஒரு ஆளை அனுப்புங்கள். காசில்லாத ஏற்பாடு இது. எந்த மெஷினையும் விட இதைத்தான் நான் நம்புகிறேன்.

அரசாங்கம் தருவதையும் விட வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீடு தேடி வரும். நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே உண்டு. உங்கள் கொட்டாய் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள். மூட்டு வலிக்கு மெடிக்கலில் நீங்களாக மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் போடுவதை மட்டும் நிறுத்துங்கள், சிறுநீரகம் கெட்டுவிடும். எந்தச் சிக்கலுக்கும் முதியோர் உதவி எண் 14567. கேஸ் கசிந்தால் 1906.

சொத்து விஷயம் ஒன்று, சுருக்கமாக. நிலத்தைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கும் பெரியவர்கள், கடைசி வரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, பராமரிக்காவிட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். தருமபுரி, அரூர், கிருஷ்ணகிரி, ஓசூர் வருவாய்க் கோட்ட அலுவலகங்களில் மனு கொடுக்க வேண்டும்.

கடைசியாகக் கைத்தடி. இங்கே பலர் வைத்திருக்கும் தடி உயரம் அதிகம். செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் தலை மணிக்கட்டு அளவுக்கு வர வேண்டும். வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது முட்டி வலித்தால் தடி இடது கையில். வருமானம் குறைந்த முதியவர்களுக்குக் கைத்தடி, வாக்கர், காது கேட்கும் கருவி எல்லாம் இலவசமாகத் தர வயோஸ்ரீ என்ற மத்திய அரசுத் திட்டம் 2017-இலிருந்து இருக்கிறது. அதற்கான முகாம் எப்போது என்று கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனுநாளில் கேளுங்கள்.

அதுவரைக்கும் இருக்கும் தடியைச் சரி செய்துகொள்ளலாம். ரம்பமும் ரப்பர் புஷ்ஷும் கொண்டு வந்திருக்கிறோம். நீளமான தடியை இப்போதே அளந்து அறுத்து, அடியில் புஷ் மாட்டித் தருகிறோம். யாரும் எழுந்து வரிசையில் நிற்க வேண்டாம், உட்கார்ந்த இடத்துக்கே வருகிறோம். செருப்பை மட்டும் போட்டுக்கொண்டு தயாராக இருங்கள்.