தேத்தண்ணிக்கு நேரம் பார்க்கலாமா?

நடுவர் அவர்களே, இரு அணிப் பேச்சாளர்களே, இந்தக் குளிரிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஹட்டன் மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். வாழ்த்துச் சொல்லியே நேரத்தைக் கழிக்க மாட்டேன்.

உணவு பற்றி வருகிற எச்சரிக்கைகளைக் கேட்டு நம்முடைய சாப்பாட்டு முறையை மாற்ற வேண்டுமா, வேண்டாமா என்பது இன்றைய தலைப்பு. மாற்றத்தான் வேண்டும் என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி ஐயா, மாற்றக் காசு வேண்டும், இது வெளிநாட்டுச் சரக்கு என்று சில வாதங்களை வைத்தார். கூடவே ஒரு கதையும் சொன்னார். மண்டபமே சிரித்தது. நானும் கைதட்டினேன். பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, அதனால் இன்னொரு தடவை சொல்கிறேன்.

ஒரு தோட்டத்து லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, மிட்வைஃப் மிஸ்ஸி வருகிறார். இஸ்தோப்பில் நின்றபடியே, "சாப்பிட்ட கையோட தேத்தண்ணி குடிக்காதீங்க, ஒரு மணித்தியாலம் போகட்டும்" என்கிறார். அடுப்படியில் இருந்த பாட்டி, மிஸ்ஸிக்காக ஊற்றிய பிளேன்டீயை மறுபடியும் கேத்தலுக்குள் ஊற்றிவிட்டு, "அப்ப நீ ஒரு மணித்தியாலம் கழிச்சி வா தாயி" என்கிறார். கதையை முடித்து ஐயா போட்ட வரி இது: "தேயிலை விளையிற மலையில வந்து தேத்தண்ணிக்கு டைம்டேபிள் போடுறாங்க!"

நடுவர் அவர்களே, எனக்குத் தந்த நேரம் முழுவதையும் அந்தப் பாட்டிக்கே கொடுக்கிறேன். ஏனென்றால் பாட்டி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மிஸ்ஸி கேட்டது தேத்தண்ணியை விடச் சொல்லி அல்ல, ஒரு மணித்தியாலம் தள்ளி வைக்கச் சொல்லி. பாட்டி அதைத்தான் செய்தார்!

ஏன் ஒரு மணித்தியாலம்? தேத்தண்ணிக்குத் துவர்ப்பைத் தருகிற பொருள்கள் இருக்கின்றனவே, அவை சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தைக் குடலுக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். இரத்தத்தில் சேர வேண்டியது வெளியே போய்விடும். சாப்பாட்டோடு குடித்தால், பருப்பிலும் கீரையிலும் இருந்து கிடைக்கிற இரும்பு பாதிக்கு மேல் குறைந்துவிடலாம். மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பில் ஒரு பகுதி வேறு வடிவத்தில் இருப்பதால், அதற்கு இந்தச் சேதம் குறைவு. இப்போது சொல்லுங்கள், இந்த எச்சரிக்கை யாருக்கு? தினமும் இறைச்சி வாங்க வசதி உள்ளவர்களை விட, கோதுமை மா ரொட்டியும் பருப்பும் சம்பலுமாக நாளைத் தள்ளுகிற நமக்குத்தான் அது கூடுதலாகப் பொருந்தும். நாம் ரொட்டியைப் பிய்த்து பிளேன்டீயில் நனைத்தே சாப்பிடுகிறோம்! இரும்பையும் அதைப் பிடித்து வைக்கிற பொருளையும் ஒரே வாயில் போடுகிறோம்.

மாற்றுவதற்குக் காசு வேண்டும் என்றார் ஐயா. எவ்வளவு வேண்டும் என்று பார்ப்போம். விடியற்காலையில் எழுந்ததும் குடிக்கிற தேத்தண்ணி அப்படியே இருக்கட்டும், ரொட்டியை ஒரு மணித்தியாலம் கழித்துச் சாப்பிடுங்கள். பகல் சாப்பாட்டோடு குடிக்கப் போத்தலில் வெந்நீர் கொண்டுபோங்கள். ஃபிளாஸ்க்கில் இருக்கிற தேத்தண்ணியைப் பிறகு மடுவத்தில் கொழுந்து நிறுக்கிற நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பருப்பை அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கிய பிறகு அரைத் தேசிக்காயைப் பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் விட்டமின் சி சூட்டில் குறைந்துவிடும், இரும்பை உள்ளே சேர்க்க உதவுவதே அதுதான். வல்லாரைச் சம்பலும் கொய்யாப்பழமும் இதே வேலையைச் செய்யும். அரைத் தேசிக்காயைத் தவிர இதில் எதற்குக் காசு?

கிளினிக்கில் தருகிற இரும்பு வில்லைக்கும் இதே கணக்குத்தான். தேத்தண்ணியோடு விழுங்கினால் ஒரு பகுதி வீணாகலாம். பாலோடும் கூடாது. கல்சியம் வில்லையையும் சேர்த்துப் போடக் கூடாது, அதற்கு வேறு வேளை. சில வீடுகளில் அந்த வில்லைகள் அலுமாரியிலேயே கிடக்கின்றன. காரணம் இரண்டு. வயிற்றைப் பிரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது. கறுப்பாகப் போவது வழமையானது, பயப்பட ஒன்றுமில்லை. வயிற்றைப் பிரட்டினால் இரவில், கொஞ்சம் சாப்பிட்ட பிறகு, தண்ணீரோடு போட்டுப் படுத்துவிடலாம். அப்படியும் முடியாவிட்டால் நிறுத்தாதீர்கள், மிஸ்ஸியிடம் சொல்லுங்கள், வேளையை மாற்றித் தருவார். இதை எந்தக் கடைக்காரரும் சொல்லித்தர மாட்டார்.

இன்னொன்று. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே, கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே, அதிலும் நடு மூன்று மாதத்தில் 10.5க்குக் கீழே போனால் இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அது கடல் மட்டத்துக்கான அளவு. உயரம் கூடக் கூடக் காற்றில் ஒட்சிசன் குறைவதால், உடலுக்கு அதை விடக் கூடுதலாக வேண்டும். நுவரெலியா 1868 மீற்றர். கொழும்பில் இருக்கிற தங்கச்சிக்குப் போதுமான இரத்தம், நுவரெலியாவுக்குப் பக்கத்து நானுஓயாவில் மலை ஏறுகிற அக்காவுக்குப் போதாமல் போகலாம்.

சரி, பாட்டி வீட்டுக்குத் திரும்பப் போவோம். ஐயா கதையைப் பாதியில் விட்டுவிட்டார். அடுத்த பாதியை நான் சொல்கிறேன். ஒரு மணித்தியாலம் ஆகிறது. மிஸ்ஸி பத்து வீடு பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார். பாட்டி கேத்தலைச் சூடாக்குகிறார். கோப்பையில் வெறும் சாயம், சீனி இல்லை. மிஸ்ஸியின் கையை இழுத்து, உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனியை வைக்கிறார். ஒரு நக்கு, ஒரு மடக்கு. ஒரு நக்கு, ஒரு மடக்கு. சிரிக்கிறீர்களே, இந்த மண்டபத்தில் தாத்தா பாட்டி இப்படிக் குடித்ததைப் பார்க்காதவர் யார்? சிலர் கித்துள் கருப்பட்டியைக் கடித்துக் குடிப்பார்கள். எழுபதுகளில், சீனியும் மாவும் கிடைக்காத அந்தப் பஞ்சத்தில், உள்ளங்கையில் எண்ணி வைத்த சீனி அது.

இப்போது கணக்குப் போடுங்கள். மட்டமாக அள்ளிய ஒரு தேக்கரண்டி சீனி ஏறக்குறைய 4 கிராம். இன்றைக்கு நாம் ஒரு கோப்பைக்கு 3 கரண்டி போட்டுக் கலக்குகிறோம். ஒரு நாளைக்கு 5 கோப்பை. 60 கிராம். சேர்க்கிற சீனியை 50 கிராமுக்குள் வைத்துக்கொள், முடிந்தால் 25க்குள் இறக்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாட்டியின் முறையில் கோப்பைக்கு ஒரு கரண்டி, 5 கோப்பைக்கு 20 கிராம்! நாக்கில் நேராகப் படுவதால் கொஞ்சம் சீனியே இனிப்பாகத் தெரிகிறது. ஓர் ஆளுக்கு மாதம் 1 கிலோ 200 கிராம் சீனி மிச்சம். உள்ளங்கையில் வைக்கக் கூச்சமாக இருந்தால், கிழமைக்கு அரைக் கரண்டி குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் மூன்றாம் நாள் பழையபடி மூன்று கரண்டிக்கே போய்விடுவீர்கள், அங்கேதான் நிறையப் பேர் தோற்கிறார்கள். இந்த எச்சரிக்கை வெளிநாட்டுச் சரக்கு என்றாரே ஐயா, இது நம்முடைய பாட்டியின் உள்ளங்கையில் இருந்ததுதானே!

இளைஞர்களுக்கு ஒரு சொல். மென்பான போத்தலில் 2016ஆம் ஆண்டிலிருந்து நிற வட்டம் போடுகிறார்கள். 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 10 கிராம் இருந்தால் செம்மஞ்சள்தான். ஆனால் 400 மில்லிலீற்றர் போத்தலை முழுதாகக் குடித்தால் 40 கிராம், பத்துக் கரண்டி. வட்டத்தின் நிறத்தோடு போத்தலின் அளவையும் பாருங்கள்.

பாட்டி கோப்பையை நீட்டும்போது என்ன சொல்வார்? "ஆத்திக் குடி தாயி." அதற்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. 65 பாகை செல்சியசுக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக் கூடும் என்று 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் சொன்னது. தேயிலையைக் குறை சொல்லவில்லை, சூட்டைத்தான் சொன்னது. நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். அங்கிருந்து 65க்கு இறங்க, இரண்டு கோப்பையில் மாற்றி மாற்றி ஆற்றுங்கள், உதட்டில் வைத்தால் சுடக் கூடாது. வெற்றிலை, புகையிலை போடுகிறவர்கள் முதலில் அதை விடுங்கள், அதனால் வரும் ஆபத்து இதை விடப் பெரியது.

ஐயா இரண்டு குத்துக் குத்தினார். நேற்று முட்டை கூடாது என்றவர்கள் இன்று சாப்பிடு என்கிறார்களே என்றார். உண்மைதான். ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்திரோல் என்ற எல்லையை அமெரிக்காவின் உணவு வழிகாட்டி 2015க்குப் பிறகு கைவிட்டது. புதிய ஆதாரம் வந்தது, திருத்தினார்கள். தன்னைத் திருத்திக்கொள்கிறவர் சொல்லை நான் நம்புவேன். இரண்டாவது, சொசேஜஸும் சிகரட்டும் ஒரே புற்றுநோய்ப் பட்டியலில் என்று பயமுறுத்துகிறார்கள் என்றார். அந்தப் பட்டியல் ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்வது, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல. இரண்டும் சமம் என்று யாரும் சொல்லவில்லை.

உப்பைப் பற்றி ஒரு நிமிடம். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். அளக்கத் தராசு வேண்டாம், உப்புப் பக்கெட்டில் வாங்கிய திகதியை எழுதுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ 50 நாளுக்குக் குறையாமல் வர வேண்டும். 30 நாளில் முடிந்தால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல், பாணிலும் கருவாட்டிலும் உள்ளதைச் சேர்க்காமலே. ரொட்டி மாவுக்கு உப்புப் போடாதீர்கள், சம்பலில்தான் இருக்கிறதே. கருவாட்டை இளஞ்சூட்டு வெந்நீரில் அரை மணித்தியாலம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழம்பு வையுங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, இன்னும் இரண்டே நிமிடம். எல்லோரும் சிரித்தோம், ஒருவரும் கேட்கவில்லை. அந்த மிஸ்ஸி எதற்காக மலை ஏறி அந்த லயத்துக்கு வந்தார்? பாட்டியைப் பார்க்கவா வந்தார்? அந்த வீட்டில் மருமகள் இருக்கிறாள் ஐயா. ஆறு மாதம். உங்கள் கதையில் அவள் வரவேயில்லை. கையில் கிளினிக் அட்டையோடு கதவுக்குப் பின்னால் நிற்கிறாள்.

விடிய எழுந்து எல்லோருக்கும் ரொட்டி தட்டியவள் அவள். புருஷனுக்கு, பிள்ளைகளுக்கு, மாமிக்கு வைத்தது போக, சட்டியின் அடியில் ஒட்டிய பருப்பு அவளுக்கு. நின்றபடியே அரை ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்து வாயில் போட்டுக்கொண்டு, படங்கைக் கட்டி மலைக்குப் போகிறவள். அவளுக்கென்று கொடுத்த திரிபோஷா சத்துமாவை மூத்த பிள்ளைகளுக்குப் பிசைந்து கொடுக்கிறவள். 2016ஆம் ஆண்டு ஆய்வில், தோட்டப் பகுதியில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 32 பேருக்கு வயதுக்கேற்ற வளர்த்தி இல்லை. நாடு முழுவதற்கும் அது 17. பிறக்கிறதற்கு முன்னாலேயே, அவள் வயிற்றிலேயே தொடங்குகிறது அந்தக் குறை.

பாட்டி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறார். மருமகளின் கண் இமையைக் கீழே இழுத்து மிஸ்ஸி காட்டுகிறார், வெளிறிப் போய்க் கிடக்கிறது. பாட்டி ஒன்றும் பேசவில்லை. சட்டியில் இருந்த பருப்பை வழித்து மருமகள் தட்டில் போட்டு, தேசிக்காயைப் பிழிந்து, பக்கத்தில் உட்காருகிறார். அவள் வழமை போலக் கேத்தலுக்குக் கையை நீட்டுகிறாள். பாட்டி கேத்தலைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொள்கிறார்.

"மொதல்ல சாப்பிடு. ஒரு மணித்தியாலம் ஆகட்டும், நானே ஊத்தித் தாரேன் தாயி."

வணக்கம்.