எட்டில் ஒன்று ஏன் சின்னது? பொங்கல் விடுமுறையில் பின்னம்

இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக என்னை விடவே இல்லை. திருவாரூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்கள்: "என் மகள் மூன்றாம் வகுப்பு. நாலைவிட எட்டு பெரியதுதானே, அப்புறம் எட்டில் ஒன்று எப்படி நாலில் ஒன்றைவிடச் சின்னதாகும் என்கிறாள். வட்டம் போட்டுக் காட்டினேன், தலையாட்டினாள். மறுநாள் அதே கேள்வி. பொங்கல் லீவில் விளையாட்டாக எப்படிச் சொல்லிக்கொடுப்பது?"

மறுநாளும் கேட்டாள் பாருங்கள், அந்தப் பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. புரியாததைப் புரிந்ததாக வைத்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை.

அம்மா, வீட்டுப் பரணில் படி, உழக்கு, ஆழாக்கு கிடக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் தெருவில் யாராவது ஒரு பாட்டி வீட்டில் இருக்கும். பொங்கலுக்கு அரிசி அளக்கும் வேலையை மகளிடம் விட்டுவிடுங்கள். உழக்கால் அளந்து படியை நிரப்பட்டும், நாலு தடவை ஆகும். திரும்பக் கொட்டிவிட்டு ஆழாக்கால் நிரப்பட்டும், எட்டு தடவை. ஒவ்வொரு தடவையும் தலைதட்டி அளக்க வேண்டும், கும்பாரமாக அள்ளினால் கணக்கு தப்பிவிடும். நான் வகுப்பில் இதைச் செய்தபோது ஒரு பையன் ஆறாவது ஆழாக்கிலேயே நிறுத்திவிட்டு, "இது குட்டியா இருக்கு சார், அதான் இத்தனை வாட்டி ஊத்த வேண்டியிருக்கு" என்றான். உங்கள் மகளுக்கு நான் சொல்ல நினைத்த பதில் அதுதான். எட்டு என்பது எத்தனை தடவை என்ற கணக்கு. பாத்திரம் சின்னதாக ஆக, தடவை கூடும்.

அளந்து முடித்த பிறகு பெயரைச் சொல்லுங்கள். உழக்கு கால் படி, அதாவது நாலில் ஒன்று. ஆழாக்கு அரைக்கால் படி, அதாவது எட்டில் ஒன்று. அரைக்கால் என்றதும் பிள்ளைகள் தங்கள் காலைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். காலில் அரை என்று அந்தச் சொல்லே கணக்கைச் செய்து காட்டுகிறது. 1957இல் நயா பைசா வரும்வரை ரூபாய்க்கு 16 அணா, அதில் 2 அணா என்றால் அரைக்கால் ரூபாய்.

சரி, இன்னொன்று. பின்னம் என்றால் பங்கு சமமாக இருக்க வேண்டும். "பெரிய பாதி எனக்கு" என்று பிள்ளைகள் சண்டை போடும்போது கொஞ்சம் நில்லுங்கள். பாதியில் பெரியது, சின்னது உண்டா? அந்தச் சண்டையைவிட நல்ல பாடம் கிடையாது.

அதற்குக் கரும்பு இருக்கிறது. கரும்பின் நீளத்துக்கு ஒரு நூலை அளந்து, அதை இரண்டாக மடித்து, மடிப்பு வரும் இடத்தில் மஞ்சளால் ஒரு கோடு போடட்டும். இன்னொரு மடிப்பு மடித்தால் கால், அதையும் மடித்தால் அரைக்கால். வெட்டுவது பெரியவர்கள் வேலை, அரிவாளைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். பாதிக் கோட்டில் வெட்டிய இரண்டு துண்டையும் நீட்டி, எது வேண்டும் என்று கேளுங்கள். அடிக்கரும்புக்குத்தான் கை போகும். தடிமன் அதிகம், இனிப்பும் அதிகம். நீளத்தில் சரிபாதி, எடையில் இல்லை, ருசியில் இல்லவே இல்லை.

இங்கேதான் "எதில் பாதி?" என்ற கேள்வி வருகிறது. உண்மையைச் சொன்னால், இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று பல நாளாகக் காத்திருக்கிறேன். பின்னத்தில் பிள்ளைகள் பல இடங்களில் தடுமாறுவது இதனால்தான். முழுசு எது என்று நாம் சொல்வதே இல்லை.

சர்க்கரைப் பொங்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியில் கால் பங்கு பாசிப்பருப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு படி அரிசிக்கு உழக்குப் பருப்பு. நம் வீட்டுக்கு அரைப்படி அரிசி போதும் என்றால் எவ்வளவு பருப்பு? அவளே அளந்து கண்டுபிடிக்கட்டும், ஆழாக்கு வரும். உடனே அவள் மடக்கலாம்: "ஆழாக்கு அரைக்கால்னு சொன்னே, இப்ப கால்ங்கிறியே?" பக்கத்தில் படியையும் அரைப்படி அரிசியையும் வைத்துவிட்டு, "எதில் கால், எதில் அரைக்கால்?" என்று மட்டும் கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். பானை பொங்க நேரமாகும், அதுவரை யோசிக்கட்டும். என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள், அடுத்த வாரம் அதைத்தான் முதலில் எடுப்பேன்.