கடைசியா வந்தவனுக்கு ஏன் முதல் சம்பளம்?

வணக்கம், வணக்கம். சத்தம் கிளியரா கேக்குதோ? கேக்கும். புது மைக்! கொழும்பு பெட்டாவில, முதலாம் குறுக்குத் தெருவில எடுத்தது. 4500 எண்டு தொடங்கினவர், நான் 2800க்கு இறக்கிப்போட்டன். சட்டையில கொழுவுற கிளிப் வேற, தனியா 300 எண்டார், அதையும் சும்மா வாங்கிக்கொண்டுதான் கடையை விட்டு வெளிக்கிட்டனான். போன வீடியோவில "ஃபேன் சத்தம்தான் கேக்குது" எண்டு எழுதின ஆக்கள் இப்ப வந்து எழுதுங்கோ பாப்பம்.

சரி, விசயத்துக்கு வாறன். ஞாயிறு பூசையில இயேசு சொன்ன திராட்சைத் தோட்ட வேலையாள்களின்ர உவமை, பைபிளில மத்தேயு 20. "கடவுள் தாராள மனசுக்காரர்" எண்டு அஞ்சு நிமிசத்தில பிரசங்கம் முடிஞ்சுது. பக்கத்தில ஒரு ஐயா நல்ல நித்திரை. எனக்கு வந்துதே ஒரு கோவம்! இந்தக் கதையைக் கேட்டா நித்திரை வரக்கூடாது, வயிறு எரியோணும்.

ஒரு தோட்டக்காரர் கூலிக்கு ஆள் எடுக்கிறார். விடியக் காலமை வந்தவங்களோட ஒரு தெனாரியம் எண்டு பேச்சு. அந்தக் காலத்தில அது சாதாரண நாள்கூலி. பிறகு 9 மணி, 12 மணி, 3 மணி, கடைசியா 5 மணிக்கும் ஆள் எடுக்கிறார். எல்லாருக்கும் அதே ஒரு தெனாரியம். ஆனா குடுக்கிற ஒழுங்கைப் பாருங்கோ: கடைசியா வந்தவனுக்கு முதல்ல. விடிய வந்தவனுக்கு முதல்ல குடுத்திருந்தா, காசை மடியில கட்டிக்கொண்டு சந்தோசமா வீட்டை போயிருப்பான். சண்டையே இல்லை. இல்லை, அவன் நிண்டு பாக்கோணும், 'அப்ப எனக்குக் கூட வரும்' எண்டு மனசுக்குள்ள கணக்குப் போடோணும், பிறகு அதே ஒண்டு கையில விழோணும். இயேசு வேணுமெண்டே வச்ச வேலை அது.

ஓ, இதை முதல்லயே சொல்லியிருக்கோணும்: முந்தின அதிகாரத்தில பேதுரு கேக்கிறார், எல்லாத்தையும் விட்டிட்டு வந்தனாங்கள், எங்களுக்கு என்ன கிடைக்கும் எண்டு. அதுக்குப் பின்னாலதான் இந்தக் கதை வருது. அப்ப விடிய வந்த கோஷ்டி ஆர்? பேதுருவும் ஆக்களும். ஞாயிறு தவறாம முன் வாங்கில இருக்கிற நாங்களும்தான்.

அஞ்சு மணி ஆக்களைச் சோம்பேறியள் எண்டு சொல்லுற பிரசங்கம் எனக்குக் கண்ணிலயும் காட்டக்கூடாது. 'எங்களை ஒருத்தரும் வேலைக்குக் கூப்பிடேல்ல' எண்டு அவங்களே சொல்லுறாங்கள். பெட்டாவில தோளில துண்டோட, லொறி வரும் எண்டு பின்னேரம் மட்டும் நிக்கிற, மூட்டை தூக்கிற நாட்டாமிமாரைக் கண்டிருக்கிறீங்கள்தானே? லொறி வராட்டியும் அரிசி விலை அதே விலைதான்.

முடிவில, விடிய வந்து முறுமுறுத்த ஒருத்தனிட்ட தோட்டக்காரர் கேக்கிறார், நான் நல்லவனா இருக்கிறது உனக்குப் பொறாமையோ எண்டு. அவன் என்ன சொன்னான்? எழுதேல்ல. லூக்கா 15இல ஊதாரி மகன் கதையிலயும் அப்பிடித்தான், திரும்பி வந்த தம்பிக்கு அப்பா வைக்கிற விருந்துக்கு மூத்த மகன் உள்ள போனானோ இல்லையோ, ஒரு சொல் கிடையாது. பதிலைக் கேக்கிறவன் சொல்லட்டும் எண்டு விட்ட இடத்தில, எங்கட ஆக்கள் ஓடி வந்து தாங்களே முடிச்சுப் போட்டுவிடுகினம்.

அடுத்த வீடியோ லூக்கா 16. முதலாளிக்கு வரவேண்டிய 100 குடம் எண்ணெயை 50 எண்டு எழுதச் சொல்லுறான் ஒரு பொறுப்பாளர், அவனை முதலாளி பாராட்டுறார்! ஆராவது இதுக்கு ஒழுங்கான விளக்கம் கேட்டிருந்தா கீழ எழுதுங்கோ. சைவ ஆக்களும் எழுதுங்கோ, போன முறை நல்லாச் சண்டை பிடிச்சது நீங்கள்தான்.