ஜீப்புக்கு அப்பா யார்?

வணக்கம். ஜீப்பை உருவாக்கியது யார் என்று பேச அழைத்திருக்கிறார்கள். வில்லிஸ் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு எழுந்து போகலாம், நிறையப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் "ஜீப்பை உருவாக்கியது நாங்கள்தான் என்று விளம்பரம் செய்யாதீர்கள்" என்று அந்த வில்லிஸ் கம்பெனிக்கே 1948-இல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் உத்தரவு போட்டது. வழக்கு தொடங்கியது 1943-இல், உலகப்போர் நடுவே. அவ்வளவு நாள் இழுத்த சண்டை அது.

சரி, நடந்தது என்ன? 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் அனுப்பியது. நான்கு சக்கரமும் இழுக்கிற சின்ன வண்டி வேண்டும், எடை 590 கிலோவைத் தாண்டக் கூடாது, மாதிரி வண்டி 49 நாளில் வந்து நிற்க வேண்டும். எடை விஷயத்தில் ராணுவம் கொஞ்சம் கனவு கண்டுகொண்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். முன்வந்தவை இரண்டே கம்பெனிகள். ஒன்று வில்லிஸ். இன்னொன்று பென்சில்வேனியா மாநிலத்தில் பட்லர் என்ற ஊரில் இருந்த பான்டம், குட்டிக் கார்கள் செய்து விற்க முடியாமல் கிட்டத்தட்ட மூடுகிற நிலையில் இருந்த கம்பெனி.

பான்டமிடம் வடிவமைக்க ஆள் இல்லை. டெட்ராய்ட்டிலிருந்து கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளரைக் கூப்பிட்டார்கள், அவரும் முதலில் சம்பளம் இல்லாமலே ஒத்துக்கொண்டு வந்து, ஜூலை 17-இல் உட்கார்ந்து ஓரிரு நாளில் வண்டியை வரைந்துவிட்டார். டெண்டர் கொடுக்க வேண்டிய நாள் 22. தாளில் எடையை ராணுவம் கேட்டபடியே எழுதினார்கள், அது நடக்காது என்று எழுதியவர்களுக்குத் தெரியும். செப்டம்பர் 23, கெடு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது, மேரிலாண்டின் ஹோலபேர்ட் முகாமுக்குள் மாதிரி வண்டியை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்கள். எடை சுமார் 920 கிலோ! ஆனால் ஓடிய ஓட்டத்தைப் பார்த்த ராணுவத்துக்கு வண்டி பிடித்துவிட்டது.

எனக்கு இந்தக் கதையில் கோபம் வருகிற இடம் இதற்கு அடுத்ததுதான். பான்டம் வண்டி சோதனையில் ஓடும்போது வில்லிஸ் ஆட்களும், முதலில் முன்வராத ஃபோர்டு கம்பெனி ஆட்களும் பக்கத்தில் நின்று பார்க்க ராணுவம் விட்டது. அது போதாதென்று பான்டம் வரைபடங்களையும் அவர்களிடம் கொடுத்தது. ஏன் என்று பான்டம் கேட்டபோது, வரைபடம் அரசுடைய சொத்து என்று பதில் வந்தது. ராணுவத்தின் கணக்கும் புரியாமல் இல்லை, லட்சக்கணக்கில் வண்டி வேண்டிவந்தால் நொடித்த ஒரு சின்னத் தொழிற்சாலையை மட்டும் எப்படி நம்புவது? ஆனாலும் முதலில் கெடுவுக்குள் கொண்டு வந்து நிறுத்தியவன் கண் எதிரே அவன் வரைந்ததை எடுத்துப் பங்கு வைத்தது நியாயமாகத் தெரியவில்லை எனக்கு. நவம்பரில் வில்லிஸ், ஃபோர்டு இரண்டின் மாதிரிகளும் வந்து சேர்ந்தன, பான்டமின் சாயல் பளிச்சென்று தெரிந்தது.

அதற்காக மற்ற இருவரும் சும்மா நகல் எடுத்தார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. பான்டம் எஞ்சின் 45 குதிரைத்திறன், வில்லிஸ் எஞ்சின் 60. அந்த வித்தியாசம்தான் கடைசியில் ஜெயித்தது. ராணுவம் எடை வரம்பை 980 கிலோவாகத் தளர்த்தியும் வில்லிஸ் வண்டி அதற்கு மேலேயே நின்றது. எஞ்சினைக் கைவிட மனமில்லாத அவர்களுடைய தலைமைப் பொறியாளர் பார்னி ரூஸ் வண்டியை முழுசாகக் கழற்றிப் போட்டு, ஒவ்வொரு பாகமாக எடையைக் குறைத்தார், பெயின்ட் பூச்சைக்கூட விடவில்லை என்பார்கள். அப்புறம் ஃபோர்டு. ஜீப் என்றதும் நம் கண்ணில் வருகிற அந்தத் தகட்டு முகம், நீளநீளமாக ஓட்டை விட்டு அச்சில் அடித்த கிரில், ஃபோர்டு கொடுத்தது. தான் செய்த பாகங்களில், போல்ட்டில்கூட, எஃப் எழுத்தைப் பொறித்ததும் ஃபோர்டுதான். பழைய வண்டி சேகரிப்பவர்கள் இன்றைக்கும் அந்த எழுத்தைத் தேடி வண்டிக்கு அடியில் டார்ச்சோடு படுத்துக் கிடப்பார்கள்.

பெயரிலும் தகராறுதான். ஃபோர்டு வண்டியின் 'ஜிபி' என்ற எழுத்துகள் மருவி ஜீப் ஆனது, அதற்கு அர்த்தம் 'பொதுப் பயன்பாடு' என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். ஃபோர்டின் குறியீட்டில் ஜி என்றால் அரசு வண்டி, பி என்றால் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே 80 அங்குலம், அவ்வளவே. பாப்பாய் சித்திரக்கதையில் 1936-லேயே யூஜின் த ஜீப் என்று ஒரு மாயப் பிராணி வந்துவிட்டது, ராணுவத்தில் வேறு சில வண்டிகளையும் ஜீப் என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

என் கணிப்பு இது: வண்டி பான்டமுடையது. எஞ்சின் வில்லிஸ், முகம் ஃபோர்டு, அதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனால் பான்டம் அந்த 49 நாளில் செய்து காட்டாமல் இருந்திருந்தால் மற்றவர்கள் எதைப் பார்த்துச் செய்திருப்பார்கள்?

பான்டம் கட்டிய ஜீப்புகள் 2,700-ஐக்கூடத் தொடவில்லை, அதிலும் பெரும்பகுதி பிரிட்டனுக்கும் சோவியத்துக்கும் போய்விட்டது. வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் கட்டினார்கள். 1948-இல் உத்தரவு வாங்கிய வில்லிஸ் 1950-இல் ஜீப் என்ற பெயரைத் தன் வணிக முத்திரையாகப் பதிவு செய்துகொண்டது. ராணுவம் பான்டமுக்குக் கொடுத்த பெரிய வேலை என்ன தெரியுமா? டிரெய்லர். ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற டிரெய்லர்.