பூச்சி கடித்தால் விலை ஏறும் தேயிலை! குர்சியாங் ஊரின் ரகசியம்

வணக்கம் மக்களே! கீரைக்கட்டில் பூச்சி அரித்த இலை இருந்தால் என்ன செய்வோம்? கடைக்காரரிடம் சண்டை போட்டு வேறு கட்டு வாங்குவோம். ஆனால் ஓர் ஊரில், மே மாதம் ஆனால் போதும், பூச்சி வந்து கடித்தால்தான் நல்லது என்று தேயிலைத் தோட்டங்கள் காத்துக்கிடக்கின்றன. அந்த ஊர் குர்சியாங்.

எங்கே இருக்கிறது? மேற்கு வங்கத்தில், சிலிகுரி சமவெளியிலிருந்து டார்ஜிலிங்குக்கு ஏறும் வழியில், சுமார் 4,860 அடி உயரத்தில். வரலாறு வேகமாக: 1880-இல் ரயில் வந்தது, 1936-இல் நேதாஜியை இங்கே கித்தாபஹாரில் வீட்டுக்காவலில் வைத்தார்கள், அந்த வீடு இன்று அருங்காட்சியகம். முடிந்தது.

ரயிலைப் பற்றி மட்டும் ஒரு வரி. இரண்டடி அகலத் தண்டவாளம் கடைவீதிக்குள்ளேயே போகிறது. மேலே ஏற வேண்டிய வண்டி ஸ்டேஷனிலிருந்து பின்பக்கமாக நகர்ந்து, சாலையைக் குறுக்கே கடந்துதான் கிளம்ப முடியும். டிராபிக் போலீஸ்காரர் பாவம்!

சரி, பூச்சிக்கு வருவோம்.

டார்ஜிலிங் மலையில் வசந்தத்தில் முதல் கொழுந்து. அப்புறம் மே, ஜூனில் இரண்டாவது. இந்தச் சமயத்தில்தான் பச்சைத் தத்துப்பூச்சி வருகிறது, கூடவே இலைப்பேன். தத்துப்பூச்சி மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. இளம் தளிரில் வாயைக் குத்திச் சாறு உறிஞ்சும். தளிர் வளராமல் சுருங்கும், ஓரம் மஞ்சளாகும். பார்க்க நோஞ்சானாக இருக்கும். ஆனால் கடிபட்ட செடி சும்மா இருக்குமா? தற்காப்புக்காக வாசனைப் பொருள்களைச் சுரக்கிறது. லினலூல், ஜெரானியால் என்று பெயர்கள். அந்தக் கொழுந்தைப் பறித்து, வாட்டி, உருட்டி, காற்றுபட விட்டு, உலர்த்தினால் கிடைக்கும் தேநீரில் திராட்சை மணக்கும். அதற்கு மஸ்கடெல் என்று பெயர். குர்சியாங்கை ஒட்டிய காசில்டன் தோட்டம் இதற்குப் பேர்போனது.

திராட்சை மணம் என்பது சும்மா விளம்பரப் பேச்சு என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை! மஸ்கட் திராட்சைக்கு மணம் தருவதும் இதே லினலூல், ஜெரானியால்தான். அந்தத் திராட்சை நமக்குப் புதிதா என்ன? தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சை இருக்கிறதே, அது மஸ்கட் ஹாம்பர்க் ரகம். கம்பத்துக் கொடியில் பழுப்பதும் இமயமலைச் செடி கடி வாங்கிச் சுரப்பதும் ஒரே மணக்குடும்பம். எனக்கு இந்த வீடியோ எடுக்க இது ஒன்றே போதும்!

தைவானில் ஓரியண்டல் பியூட்டி என்ற தேநீரும் இப்படித்தான். இதே வகைப் பூச்சிக்காகவே அங்கே மருந்து அடிக்காமல் விடுகிறார்கள். ஆனால் பூச்சி அளவுக்கு மிஞ்சினால் விளைச்சல் போச்சு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பூச்சிக்கு இவ்வளவு புகழ் பாடுகிறோம். அந்தச் சுருங்கிய தளிரைத் தேடி, இரண்டு இலை ஒரு மொட்டாகக் கிள்ளுவது பெரும்பாலும் நேபாளி பேசும் பெண்கள். 2023-இல் மேற்கு வங்கத் தேயிலைத் தோட்டங்களில் நாள் கூலி 250 ரூபாய். நல்ல மஸ்கடெல் ஒரு கிலோ பல ஆயிரம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு: டார்ஜிலிங் தேயிலைக்கு 2004-இல், இந்தியாவிலேயே முதன்முதலாக, புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது ஆண்டு விளைச்சல் ஒரு கோடி கிலோவுக்கும் குறைவு, போலி ஏராளம். பாக்கெட்டில் கையில் கொழுந்து பிடித்த பெண்ணின் பக்கவாட்டு முகம் முத்திரையாக இருக்கிறதா பாருங்கள். மூன்று நிமிடம் ஊறவிட்டு வடிகட்டுங்கள். பால் வேண்டாம், இஞ்சி ஏலக்காய் வேண்டவே வேண்டாம். பால் இல்லாமல் அது டீயே இல்லை என்பவர்கள் கமெண்டில் வாருங்கள், பேசித் தீர்ப்போம்!