சேன் பியேர்: எரிமலைக்கு முன்னும் ஒரு ஊர் இருந்தது

[காட்சி: தடித்த கல் சுவர், வளைந்த கூரை, குனிந்துதான் நுழைய முடிகிற ஒரு வாசல்]

இந்தக் கல் அறையைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே கேள்விப்பட்டிருக்கலாம். 1902-இல் எரிமலை வெடித்து ஊரே எரிந்து சாம்பலான நாளில், சிறைக்குள் அடைபட்டிருந்த ஒரே ஒரு கைதி மட்டும் உயிர் பிழைத்தான் என்ற கதை வெகு காலமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தச் சிறை இதுதான். ஊர், கரீபியன் கடலில் இருக்கும் மார்த்தினிக் தீவின் சேன் பியேர்.

கதையில் பாதி உண்மை. மீதிப் பாதியை நடந்துகொண்டே பார்ப்போம். இங்கே வருகிற பலர் இந்த அறையைப் படம் எடுத்துவிட்டு, பின்னால் நிற்கிற மலையோடு ஒரு செல்ஃபி எடுத்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் பஸ் ஏறிவிடுகிறார்கள். பாவம், ஊரைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

முதலில் எங்கே இருக்கிறோம் என்று பார்த்துவிடுவோம். மார்த்தினிக் தனி நாடு இல்லை. இன்றும் அது பிரான்ஸின் ஒரு பகுதி, செலவழிப்பது யூரோதான். தீவின் வடமேற்குக் கரையில், தலைநகர் ஃபோர் த பிரான்ஸிலிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் சேன் பியேர் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், தலைக்கு மேலே பெலே எரிமலை. மலையின் உயரம் ஏறத்தாழ 1,400 மீட்டர், பாதி நாள் மேகத்துக்குள்தான் இருக்கும். 1635-இல் பியேர் பெலேன் தெனாம்பூக் என்ற பிரெஞ்சுக்காரர் வந்து இறங்கிய இடம் இது. தீவில் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த முதல் குடியிருப்பு. பின்னாளில் ஆட்சி ஃபோர் த பிரான்ஸில் இருந்தாலும், பணம் இங்கேதான் இருந்தது. சர்க்கரையும் ரம்மும் கப்பல் ஏறியது இங்கிருந்துதான். 'கரீபியனின் பாரீஸ்' என்றே அழைத்தார்கள்.

[காட்சி: இரட்டைப் படிக்கட்டு, அதற்குப் பின்னால் கூரை இல்லாத வெட்டவெளி]

சிறைக்கு நேர் மேலே, ஏறக்குறைய அதை எட்டிப் பார்ப்பதுபோல் நிற்பது பழைய நாடக அரங்கு. 1786-இல் கட்டியது, பிரான்ஸின் போர்தோ நகரத்து அரங்கை மாதிரியாக வைத்து. சுமார் 800 பேர் உட்காரலாம். இன்று மிச்சம் இருப்பது வாசலில் இரண்டு பக்கமும் வளைந்து ஏறும் படிக்கட்டு, சில சுவர்கள், புல். படியில் நின்று மேடை இருந்த பக்கம் பாருங்கள். சர்க்கரை விற்ற பணத்தில் பாரீஸ் நாடகக் குழுக்களை வரவழைத்துப் பார்த்த இடம் இது.

அந்தச் சர்க்கரையை யார் விளைவித்தார்கள்? அரங்கு கட்டி 62 ஆண்டுகள் கழித்துத்தான் மார்த்தினிக்கில் அடிமை முறை ஒழிந்தது. அது ஒழிந்த விதத்திலும் இந்த ஊருக்கு நேரடிப் பங்கு உண்டு. 1848 மே மாதம். பாரீஸில் ஒழிப்பு ஆணை கையெழுத்தாகிவிட்டது, ஆனால் கப்பல் இன்னும் வந்து சேரவில்லை. அந்த இடைவெளியில் ரொமேன் என்ற அடிமைத் தொழிலாளியைக் கைது செய்கிறார்கள். குற்றம், மேளம் அடித்தது. ஆமாம், தோட்டத்தில் மேளம் அடித்ததற்குத்தான். ஜனங்கள் திரண்டார்கள். மே 22-ஆம் தேதி சேன் பியேரில் கலவரம் வெடித்தது. மறுநாளே ஆளுநர் ரோஸ்தொலான், ஆணைக்குக் காத்திருக்காமல், அடிமை முறை முடிந்தது என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. மே 22 இன்றும் மார்த்தினிக்கில் விடுமுறை நாள். எரிமலை வெடித்த மே 8-ஐவிட அந்தத் தேதிதான் இந்த மண்ணுக்குப் பெரிது என்று எனக்குத் தோன்றும். ஆனால் சுற்றுலா அட்டைகளில் எரிமலைதான் இருக்கிறது.

சரி, அந்த எரிமலைக்கு வருவோம்.

[காட்சி: கரும்பு வயல், அதற்குப் பின்னால் மேகம் மூடிய மலை]

1902 ஏப்ரலில் மலை புகையத் தொடங்கியது. சாம்பல் தெருவில் படிந்தது, கந்தக நாற்றம் அடித்தது. மலையில் இருந்த பாம்புகள் கீழே இறங்கி வந்து ஆட்களையும் கால்நடைகளையும் கடித்துக் கொன்றன. மே 5-ஆம் தேதி மலை உச்சிப் பள்ளத்தில் தேங்கியிருந்த வெந்நீர் உடைத்துக்கொண்டு, சேறாக இறங்கி, ஊருக்கு வடக்கே கடலோரம் இருந்த கெரான் சர்க்கரை ஆலையை மூடிவிட்டது. உள்ளே இருந்தவர்களோடு.

இதற்குப் பிறகும் ஏன் ஊரைக் காலி செய்யவில்லை? மே 11-ஆம் தேதி தேர்தலின் இரண்டாம் சுற்று இருந்தது, ஓட்டுக்காக ஆளுநர் மக்களைத் தடுத்து வைத்தார் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, நம் ஊர் அனுபவத்தில் சட்டென்று நம்பவும் வைக்கிறது. ஆனால் ஆளுநர் லூயி மூத்தே தன் மனைவியோடு மே 7-ஆம் தேதி இதே ஊருக்கு வந்து தங்கினார், மறுநாள் காலை இங்கேயே செத்தார். ஓட்டுக்காக ஏமாற்றுகிறவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு எரிமலையடிவாரத்துக்கு வருவாரா? கஸ்தோன் லாந்த் என்ற இயற்கை அறிவியல் ஆசிரியரும் இடம் பெற்ற ஒரு குழு, ஊருக்கு ஆபத்து இல்லை என்று சொல்லியிருந்தது. அவர்கள் அஞ்சியது எரிமலைக் குழம்பை. குழம்பு வழிந்தாலும் நடுவே இருக்கும் பள்ளத்தாக்குகள் அதை வேறு பக்கம் திருப்பிவிடும் என்று கணக்குப் போட்டார்கள். மலையடிவாரத்து கிராமத்து ஜனங்கள்கூடப் பாதுகாப்புக்காக ஊருக்குள் வந்து சேர்ந்தார்கள்.

வந்தது குழம்பு இல்லை.

மே 8, வியாழக்கிழமை, கிறிஸ்து விண்ணேறிய திருநாள். காலை 8 மணி 2 நிமிடம். மலையின் பக்கவாட்டிலிருந்து கொதிக்கும் வாயுவும் சாம்பலும் பொடிந்த பாறையும் ஒன்றாகக் கலந்த மேகம் ஒன்று கிளம்பி, தரையோடு தரையாக இறங்கியது. மலைக்கும் ஊருக்கும் நடுவே உள்ள ஏழு கிலோமீட்டர் போலத் தூரத்தை ஓரிரு நிமிடத்தில் தாண்டியது. குழம்பாக இருந்தால் ஓடித் தப்பிக்க நேரம் கிடைத்திருக்கும். இதில் ஒரு மூச்சு இழுத்தால் நுரையீரல் வெந்துவிடும். இறந்தவர்கள் சுமார் 28,000 பேர். கிடங்குகளில் இருந்த ரம் பீப்பாய்கள் வெடித்து, தெருவில் நெருப்பாக ஓடியது. பிறகு வந்து ஆராய்ந்த பிரெஞ்சு விஞ்ஞானி அல்ஃப்ரெட் லக்ருவா இதை 'எரியும் மேகம்' என்று விவரித்தார். உலகில் எங்கே இப்படி வெடித்தாலும் அந்த வகைக்கு இன்று இந்த மலையின் பெயர்தான்.

[காட்சி: விக்டர் ஹியூகோ தெரு. புது வீடுகளுக்கு நடுவே பழைய கருங்கல் சுவர்கள்]

இப்போது சுவர்களைப் பாருங்கள். இது என்னுடைய பிடித்தமான பகுதி, கையில் ஃபோனில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வடக்கு-தெற்காக நீளும் சுவர்கள் ஓரளவு நிற்கின்றன. கிழக்கு-மேற்காக இருந்தவை தரைமட்டம். ஏன்? மேகம் வடக்கிலிருந்து வந்தது. அதற்குப் பக்கவாட்டைக் காட்டிய சுவர் தப்பியது, முகத்தைக் காட்டிய சுவர் விழுந்தது. வழிகாட்டி யாரும் இல்லாமலே வெடிப்பின் திசையை நீங்களே படித்துவிடலாம்.

கைதி எப்படிப் பிழைத்தார் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். பெயர் சிபாரிஸ். அறைக்கு ஜன்னல் இல்லை, தடித்த கல் சுவர், காற்று வர இருந்த சிறு இடைவெளியும் மலையைப் பார்க்காத பக்கம். உடம்பு முழுவதும் தீக்காயத்தோடு சில நாள் கழித்துத்தான் அவரைக் கண்டுபிடித்தார்கள். மன்னிப்புக் கிடைத்தது. பிறகு அமெரிக்காவின் பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸில் அவரை ஊர் ஊராகக் காட்சிப்படுத்தினார்கள். 'ஒரே ஒருவர்' என்ற விளம்பரம் சர்க்கஸுக்கு நல்ல வியாபாரம். உண்மையில் ஊர் ஓரத்தில் குடியிருந்த லெயோன் கொம்பேர்-லெயாந்த்ர் என்ற செருப்புத் தைப்பவரும் பிழைத்தார். அவருக்கு சர்க்கஸ் கிடைக்கவில்லை, அதனால் புகழும் கிடைக்கவில்லை.

துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் ரோடம் மட்டும் எரிந்துகொண்டே செயின்ட் லூசியா வரை போய்ச் சேர்ந்தது. ரொரைமா உட்படப் பல கப்பல்கள் இன்னும் விரிகுடாவின் அடியில் கிடக்கின்றன. ஸ்கூபா பழகியவர்கள் இதற்காகவே வருகிறார்கள். ரொரைமா சுமார் 50 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, ஆகவே புதிதாகப் பழகுகிறவர்கள் ஆசைப்பட வேண்டாம்.

[காட்சி: அருங்காட்சியகம். நசுங்கிய தேவாலய மணி, உருகி ஒட்டிய கண்ணாடிப் பாத்திரங்கள்]

ஃபிராங்க் பெரே என்ற அமெரிக்க எரிமலை ஆய்வாளர் 1933-இல் தொடங்கிய அருங்காட்சியகம் சின்னதுதான். புதுப்பித்து, 2019-இல் மறுபடி திறந்தார்கள். அவசரப்படாதீர்கள். மிதிபட்ட தகரக் குவளை மாதிரி நசுங்கிக் கிடக்கும் தேவாலய மணியையும், ஒன்றோடொன்று உருகிப்போன கண்ணாடிச் சாமான்களையும் பார்த்த பிறகு, வெளியே வந்து அந்தச் சுவர்களை இன்னொரு முறை பாருங்கள்.

அங்கிருந்து வடக்கே நடந்தால் ரோக்ஸலான் ஆறு. அதன் மேல் 1766-இல் கட்டிய கல் பாலம் உண்டு, வெடிப்பைத் தாங்கி நின்றது. தாண்டினால் கோட்டைப் பகுதி, ஊரின் மிகப் பழைய பாகம். அங்கே இருந்த தேவாலயத்தின் கற்பாளங்கள் விழுந்த இடத்திலேயே கிடக்கின்றன. ஊரில் பழைய மனநோய் மருத்துவமனையின் இடிபாடும் உண்டு. நோயாளிகளைக் கட்டி வைத்த இரும்பு நாற்காலிகளின் மிச்சங்கள் அங்கே உண்டு. அது எரிமலை செய்த வேலை இல்லை.

[காட்சி: கடற்கரை, பெர்த்தேன் சதுக்கம், அலை]

திரும்பிக் கடலோரம் வாருங்கள். பெர்த்தேன் சதுக்கம். பீப்பாய்களை உருட்டிக்கொண்டு போய்ப் படகேற்றிய இடம்.

1848-க்குப் பிறகு தோட்டக்காரர்களுக்கு ஆள் பற்றாக்குறை. விடுதலை பெற்றவர்கள் பழைய கூலிக்குப் பழைய வயலில் வேலை செய்ய விரும்பவில்லை. அப்புறம் யாரைக் கொண்டுவருவது? பிரான்ஸுக்குப் புதுச்சேரியும் காரைக்காலும் இருந்தன. 1853 மே 6-ஆம் தேதி 'ஒரேலி' என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளோடு இந்த விரிகுடாவில் வந்து நின்றது. வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அடுத்த முப்பது ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து மார்த்தினிக்குக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 25,000 பேர். திரும்பியவர்கள் உண்டு, நோயில் செத்தவர்கள் நிறைய. தங்கியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் தீவின் வடக்கே, பாஸ் புவான்த் பக்கம் அதிகம். அங்கே கோயில்கள் உண்டு. தெய்வங்களின் பெயர் 'மாலியேமென்', 'மால்தெவிலேன்'. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மாரியம்மனும் மதுரை வீரனும். நாகூர் ஆண்டவருக்கும் அங்கே வழிபாடு உண்டு, 'நாகூர் மீரா' என்று. பேசும் மொழி, தீவின் கலப்பு மொழியான கிரியோலும் பிரெஞ்சும் ஆகிவிட்டது. சடங்குப் பாடல்களில் மட்டும் தமிழ் தங்கியிருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களிடம் ஐரோப்பாவுக்கான சாதாரண ஷெங்கன் விசா இருந்தால் போதாது, பிரான்ஸின் கடல்கடந்த பகுதிகளுக்கான விசா வேண்டும். இதைப் பலர் டிக்கெட் எடுத்த பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். விமானம் பெரும்பாலும் பாரீஸ் வழியாகத்தான். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மழை குறைவான மாதங்கள். ஜூனிலிருந்து நவம்பர் வரை புயல் காலம். ஃபோர் த பிரான்ஸிலிருந்து வாடகைக் காரில் வருவது சுலபம், வழியில் கார்பே கிராமத்தில் நிறுத்தலாம், ஓவியர் கோகன் 1887-இல் சில மாதம் தங்கியிருந்த பக்கம் அது. நடக்கத் தெம்பு இருந்தால் மோர்ன் ரூஷ் வழியாக மலை ஏறலாம். காலையிலேயே கிளம்புங்கள், மேகம் சீக்கிரம் இறங்கிவிடும். மலை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. நடுக்கங்கள் கூடியதால் 2020 டிசம்பரில் எச்சரிக்கையை மஞ்சள் நிலைக்கு உயர்த்தினார்கள். 2023-இல் யுனெஸ்கோ இந்த மலையையும் வடக்குச் சிகரங்களையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மலையடிவாரத்தில் தெபாஸ் ரம் ஆலையைப் பார்க்கலாம். 1902-இல் குடும்பம் முழுவதையும் இழந்த விக்டர் தெபாஸ், அப்போது பிரான்ஸில் படித்துக்கொண்டிருந்ததால் தப்பியவர். திரும்பி வந்து அதே சரிவில் 1917-இல் மறுபடி ஆலை தொடங்கினார். இங்கே ரம் காய்ச்சுவது வெல்லப்பாகிலிருந்து இல்லை, நேராகக் கரும்புச் சாற்றிலிருந்து. குடிக்காதவர்களும் சாறு பிழியும் இயந்திரத்தை வேடிக்கை பார்க்கலாம்.

[காட்சி: கடலோரச் சந்தை. தட்டில் சோறு, மஞ்சள் நிறக் குழம்பில் ஆட்டுக்கறி]

மதியம் ஆகிவிட்டது. உணவகத்தில் 'கொலொம்போ' கேளுங்கள். ஆட்டுக்கறியில் இருக்கும், கோழியில் இருக்கும். மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு, வெந்தயம் அரைத்த பொடி, எலுமிச்சை, காட்டமான ஒரு தீவு மிளகாய். பெயர் இலங்கையின் கொழும்பிலிருந்து வந்தது என்று சிலர் சொல்கிறார்கள், 'குழம்பு' என்ற சொல்லிலிருந்தே வந்தது என்று வேறு சிலர். முதல் வாயிலேயே நீங்கள் எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும். பக்கத்து மேசைக்காரர் கேட்டால், "எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இதுதான்" என்று சொல்லுங்கள். அவரும் அதையேதான் சொல்வார்.