இலக்குக்கும் காது உண்டு

நேயர்களுக்கு வணக்கம். ரேடாரைப் பற்றிப் பேச அழைத்தால் நான் டேவென்ட்ரியில்தான் தொடங்குவேன். 1935 பிப்ரவரி 26. இங்கிலாந்தில் உள்ள அந்த ஊரிலிருந்து பிபிசியின் சிற்றலை ஒலிபரப்பி அலைகளை அனுப்பிக்கொண்டிருந்தது. சில மைல் தள்ளி, வயலில் நின்ற வண்டிக்குள் விஞ்ஞானிகள் ராபர்ட் வாட்சன்-வாட்டும் ஆர்னால்ட் வில்கின்ஸும் ஒரு சிறிய திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹேஃபோர்ட் ரகக் குண்டுவீச்சு விமானம் நெருங்கியதும் திரையில் இருந்த ஒளிப்புள்ளி கோடாக நீண்டது. விமானம் விலக விலகச் சுருங்கியது. சுமார் 8 மைல் வரை விமானம் தெரிந்தது. கவனியுங்கள், அங்கே ரேடாருக்கென்று தனி ஒலிபரப்பி கிடையாது. பேச்சும் பாட்டும் அனுப்பக் கட்டியதே விமானத்தைக் காட்டிக்கொடுத்தது.

பிறகு ரேடாரும் தகவல்தொடர்பும் வெவ்வேறு அலைவரிசைகளுக்குப் பிரிந்து போயின. இப்போது அலைவரிசைக்குத் தட்டுப்பாடு, ஒரே அலை பேச்சையும் சுமந்து, ரேடாராகவும் உளவறியும்படி இரண்டையும் மறுபடி சேர்க்கிறார்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஆறாம் தலைமுறைச் செல்பேசிக்காக 2023-இல் வகுத்த சட்டகத்திலேயே இந்தச் சேர்க்கை இடம்பெற்றுவிட்டது.

நீங்கள் வீட்டில் செல்பேசியில் பேசுகிறீர்கள். அதே கோபுரம் வானில் திரியும் டிரோன் ஒன்றையும் கண்காணிக்கிறது. எதிரொலி தெளிவாக வேண்டுமென்றால் அலையை டிரோன்மீது குவிக்க வேண்டும். அந்த அலையில்தான் உங்கள் பேச்சும் இருக்கிறது! டிரோனில் ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தால்? அதை எட்ட அலைக்கு ஒருவழிப் பயணம் போதும்; கோபுரத்தில் இருக்கும் நமக்கோ அலை போய்த் திரும்ப வேண்டும். தொலைவு இருமடங்கானால் டிரோனை எட்டும் அலை நாலில் ஒரு பங்காகும். நம்மிடம் திரும்புவது பதினாறில் ஒரு பங்காகிவிடும். நமக்கு முணுமுணுப்பாவது கேட்க வேண்டுமென்றால் அதன் காதில் உரக்கக் கத்தியாக வேண்டும். திரும்பவும் சொல்கிறேன்: நாம் இலக்கைப் பார்ப்பதைவிட, இலக்கு நம்மைக் கேட்பது எளிது.

பிறருக்குப் புரியாதபடி பேச்சை மாற்றி அனுப்பும் குறியாக்கம் கட்டாயம் வேண்டும். அதோடு அலையிலேயே காவல் வைக்கவும் வழி உண்டு. டிரோனை நோக்கிச் செயற்கை இரைச்சலையும் சேர்த்து அனுப்பலாம். உங்கள் செல்பேசியை அது எட்டாதபடி ஆன்டெனாக்கள் பார்த்துக்கொள்ளும். அந்த இரைச்சல் வீணாவதும் இல்லை. நாம் அனுப்பியதுதானே, அதன் எதிரொலியைக் கொண்டும் டிரோனைக் கண்டுகொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆனால் இரைச்சலுக்குக் கொடுத்த மின்திறன் உங்கள் பேச்சில் குறையும். டிரோனும் நீங்களும் ஒரே திசையில் இருந்தால் பிரிப்பதே கடினம். அப்போது எதை விட்டுக்கொடுப்பது? தகவல் போகும் வேகத்தைத்தான் என்பேன். எவ்வளவு கசியலாம் என்ற வரம்பை முதலில் கட்டிவிட்டு, மிச்சத்தில் வேகத்தைத் தேட வேண்டும். வேகத்தை முடிவு செய்துவிட்டுப் பாதுகாப்பை ஒட்டுப்போடக் கூடாது.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்த அலைகள் வீட்டுக்குள் ஆள் நடமாட்டத்தையும் மூச்சு விடும் அசைவையும்கூட உணர வல்லவை. அந்தத் தகவல் யார் கையில், எத்தனை நாள் இருக்கலாம் என்பதைக் கோபுரங்கள் எழும் முன்பே சட்டத்தில் எழுதியாக வேண்டும். நன்றி, வணக்கம்.